போனில் பேசியது யார்

இப்படி நிழலுக்குள்ள வந்து உக்காருங்கண்ணே. கட்டுப் போட்ட காலை அந்தப் படிக்கட்டுல நீட்டிக்கிட்டு உக்காந்தா, வர்ற போற வக்கீலெல்லாம் இடிச்சுக்கிட்டுத்தான் போவாங்க. இந்த பெஞ்சு நமக்குப் பழகின பெஞ்சு. ஆறு வருசமா இந்தக் கோர்ட்டுக்கு வந்தா நான் இங்கதான். உங்களுக்கும் வண்டி கேஸா? மோதினது காரா, லாரியா? கார்க்காரனா. நிக்காமப் போயிட்டானா, நின்னானா? நின்னான்னா சரி. அந்த மட்டுக்கும் புண்ணியவான். எங்களுக்கு மோதினது டிப்பர் லாரி. மண்ணு ஏத்திக்கிட்டுப் போறவன். அவன் எங்க நிப்பான்.

உங்களது எத்தனாவது கேஸு? பன்னெண்டா? எங்களது ஒம்போது. இன்னும் நாலைக்கூட கூப்பிடல. உக்காருங்க.

அந்தா பாருங்க, ஜெராக்ஸ் கடைக்கு இந்தப் பக்கம், ஊதாக் கலர் சேலை, தோள்ல பையை மாட்டிக்கிட்டு நிக்கிறாளே, அது என் மக. ஜெசிந்தா. ஒரே மக. காலையில ஒம்போதரைக்கு வந்தா. இப்ப மணி பதினொண்ணேகால். ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கணுமே! மாட்டா. ரெண்டு வருசமா எங்கிட்டப் பேச்சு இல்ல. நான் பெத்த மக, நான் தோள்ல தூக்கி வளத்த மக. நான் ஒரு கேஸுக்காரன், அவ ஒரு கேஸுக்காரி, நடுவுல இந்த வாசல்.

அப்படி என்ன பண்ணிட்டேன் நான்? கூண்டுல ஏறி நாலு வார்த்தை சொன்னேன். அதுவும் பொய் இல்ல. நீங்களே கேளுங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. வெளியாளு சொன்னாத்தான் சரியா இருக்கும்.

என் பேரு மிக்கேல்ராசு. காளையார்கோயில் பக்கம் போனீங்கன்னா மிக்கேல் சவுண்ட் சர்வீஸ்னு கேட்டாச் சின்னப் புள்ளகூட கை காட்டும். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சி மீட்டிங், எல்லாத்துக்கும் நம்ம மைக் செட்டுதான், நம்ம டியூப் லைட்டுதான். முப்பத்தோரு வருசத் தொழில். இப்ப முன்ன மாதிரி இல்ல. அது வேற கதை.

என் வீட்டுக்காரி பேரு பவுலின். பவுலின் மேரி. சூசையப்பர் கோயில்ல வச்சுத் தாலி கட்டினேன், அவளுக்கு அப்ப இருபது வயசு. நல்லவண்ணே. ஒரு எதிர்ப்பேச்சு பேச மாட்டா. நான் சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டு எந்திரிச்சாக்கூட, திரும்பி வந்து கேக்கும்போது அதே தட்டு சூடா வந்துரும். அவளை நான் நல்லாத்தான் வச்சிருந்தேன். ஒரு நாள் கூலி வேலைக்கு அனுப்பினதில்ல. வயக்காட்டுக்கு அனுப்பினதில்ல. ராணி மாதிரி வீட்ல சும்மா இருந்தா.

போனு மட்டும் வாங்கித் தரல. ஜெசிந்தா கல்யாணமாகி திண்டுக்கல் போனப்ப, அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் குடுங்கப்பான்னா. எதுக்கு? வீட்ல ரெண்டு பேரு, என்கிட்ட ஒண்ணு இருக்கு. பேசணும்னா எனக்கு அடிச்சா நான் குடுக்கப் போறேன். ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கிட்டு என்ன பண்றது? நான் சொன்னது தப்பா?

அந்த நாளைச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை. சித்திரை மாசம், எனக்கு மூச்சு விட நேரமில்லாத மாசம். என் மச்சான் பேத்திக்குப் புதுநன்மை, பூசையில முதத்தடவையா நன்மை அப்பம் வாங்குற விசேசம். நாங்க ரெண்டு பேரும் காலைப் பூசைக்குக் கிளம்பி வண்டியில போறோம். பவுலின் அரக்குச் சேலை கட்டியிருந்தா. வண்டியில ஒருக்களிச்சுத்தான் உக்காருவா எப்பவும். வெயில் ஏற ஆரம்பிச்சிருச்சு, ரோடு காலியாக் கிடக்கு, நானும் ஐம்பதுல, அறுபதுல போறேன். அதுக்கு மேல இல்ல.

அப்பத்தான் ஜெசிந்தா போன் அடிக்கிறா.

அவ அப்ப நாலு மாசம் முழுகாம இருந்தா. ஒரே வாந்தி. தண்ணி குடிச்சாக்கூட நிக்கல. அவ மாமியாருக்கு அதெல்லாம் கணக்கில்ல. நாங்கள்லாம் பெக்கலையான்னு கேக்குற பொம்பள. ஒரு வாரமா இவ தினம் போன் அடிச்சு, அம்மாவைப் பத்து நாளைக்கு இங்க அனுப்புங்கப்பா, அம்மாவை அனுப்புங்கப்பான்னு ஒரே பாட்டு. எப்படி அனுப்புறது, சொல்லுங்க? ஆறு ஆர்டர் கையில இருக்கு. வேலை பாக்குற நாலு பேருக்குச் சோறு யாரு பொங்குறது? யாரு வந்து கேட்டாலும் ஆர்டரை நோட்டுல எழுதி வைக்கிறது அவதான். சாமான் திரும்பி வந்தா எண்ணி எடுத்து வைக்கிறது, வயரைச் சுத்தி வைக்கிறது, பியூஸ் போன பல்பைப் பிரிச்சு வைக்கிறது, எல்லாம் அவதான். அவ பத்து நாள் போயிட்டா நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அதைச் சொன்னாப் புள்ளைக்குப் புரியல.

சட்டைப் பையில போன் அடிக்குது. நான் எடுத்துப் பின்னால குடுத்து, பச்சையை அமுக்கி என் காதுல வையின்னேன். அவ வச்சுப் புடிச்சா. எப்பவும் அப்படித்தான். ஆர்டர்க்காரங்க கூப்பிடுறது நமக்கு வண்டியிலதானே? நிறுத்தி நிறுத்திப் பேசிக்கிட்டிருந்தா ஊர் போய்ச் சேர முடியுமா? நான் ஓட்டுவேன், அவ பின்னால இருந்து காதுல வச்சுப் புடிச்சுக்குவா. பத்து வருசமா அப்படித்தான், ஒரு கீறல் பட்டதில்ல.

ஜெசிந்தா எடுத்ததுமே, அப்பா, அம்மாகிட்ட குடுங்கன்னா. என்ன விசயம், எங்கிட்டச் சொல்லுன்னேன். இல்லப்பா, அம்மாகிட்ட பேசணும்ங்கிறா. நான் வண்டியில போறேன், எங்கிட்டச் சொல்லுன்னேன். மறுபடி அதே பாட்டு, அழுகை வேற. எனக்குக் கோபம் வந்திருச்சு. உனக்கு மட்டும்தான் ஊர் உலகத்துல வாந்தி வருதான்னு சத்தம் போட்டேன். அப்பன் சத்தம் போடுறதுதானே? அதுக்கு ஒரு அர்த்தமா?

முருங்கைத்தோப்பு வளைவு. பின்னால வந்த டிப்பர் ஏறிப் போறான். எதுத்தாப்புல ஒரு வேன் வந்திருச்சு. அவன் வண்டியை இந்தப் பக்கம் ஒடிக்கிறான், அவன் பின்னாடி மூலை என் ஹேண்டில்பார்ல உரசுச்சு. உரசுனதுதான். இடிக்கக்கூட இல்ல. நான் மண்ணுப் பக்கம் விழுந்தேன். எனக்கு இந்த முழங்கையில, இந்தா, இவ்வளவு தோல் போச்சு. அவ ரோட்டுப் பக்கம் விழுந்தா.

அரக்குச் சேலையா, அதனால எனக்கு முதல்ல ஒண்ணும் தெரியலண்ணே.

தலைமாட்டுல போய் உக்காந்து பவுலின், பவுலின்னு கூப்பிடுறேன். கண்ணு திறந்துதான் இருந்துச்சு. போன் பத்தடி தள்ளிக் கிடக்கு, கட்டாகவே இல்ல. அதுக்குள்ள இருந்து என் மக, அப்பா, அப்பா, என்ன சத்தம், அம்மா, அம்மான்னு கத்துறது எனக்கு இங்க கேக்குது. நான் எடுக்கல. எப்படி எடுப்பேன்? ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு ஆளு ஓடி வந்து அதை எடுத்து, அம்மா, இங்க ஆக்சிடென்ட்டும்மா, பொம்பள ஆளு சீரியஸா இருக்குன்னு சொல்லிட்டான். விவரமில்லாத மனுசன். முழுகாம இருக்கிற புள்ளகிட்ட அப்படியா சொல்றது?

ஆம்புலன்ஸ் வந்துச்சு. கோயில் கோபுரம் தாண்டும்போது உசுரு போயிருச்சு.

சாயங்காலம் ஜெசிந்தா மாப்பிள்ளைகூட பிணவறை வாசலுக்கு வந்து இறங்கினா. வந்து என் காலைக் கட்டிக்கிட்டா. நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். வாஸ்தவம், சொல்லிட்டேன். நீ அந்த நேரத்துக்கு போன் அடிக்காம இருந்திருந்தா உங்க அம்மா இருந்திருப்பாடின்னு. சொந்தக்காரங்க பூரா சுத்தி நிக்கிறாங்க. அவ காலை விட்டுட்டு எந்திரிச்சு சுவத்தோரமாப் போய் உக்காந்துட்டா. துக்கத்துல வாய்க்கு வந்தது, அதையெல்லாம் ஒரு மனுசன் மனசுல வச்சுக்கலாமா? மறுநாளே நான் அதை மறந்துட்டேன். அவளும் மறந்திருப்பான்னுதான் நெனைச்சேன். அதைப் பத்தி அப்புறம் ஒரு நாளும் ரெண்டு பேரும் பேசினதில்ல.

போலீஸ்காரரு எழுதும்போது, அம்மா என்ன வேலை பாத்தாங்கன்னு கேட்டாரு. வேலை ஒண்ணும் இல்ல சார், வீட்ல சும்மாதான் இருந்தான்னேன். அப்படியே எழுதிட்டாரு. பின்னால நம்ம வக்கீலு சண்முகராசு அதைப் படிச்சுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு. என்னய்யா, இப்படிச் சொல்லிட்டு வந்திருக்க, சும்மா இருந்த பொம்பளைக்கு எவன் நஷ்டஈடு தருவான்னாரு. ஜெசிந்தாதான் ஒரு வெள்ளைத்தாள்ல, அம்மா காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சதுலருந்து செஞ்ச வேலையெல்லாம் வரிசையா எழுதிக் குடுத்தா. ரெண்டு பக்கம் வந்துச்சு. நானே அதைப் படிச்சுட்டு ஆச்சரியப்பட்டுப் போனேன். இம்புட்டும் இவ எப்பப் பாத்தான்னு.

கேஸ் நடந்துச்சு. தெரியுமே உங்களுக்கு, வாய்தா வாய்தான்னு. ஜெசிந்தாவுக்குப் பொம்பளைப் புள்ள பொறந்துச்சு. தாய் இல்லாத பிரசவம். நான் பழம் வாங்கிக்கிட்டுப் போய்ப் பாத்தேன். வேற நான் என்னத்தைச் செய்யத் தெரிஞ்சவன்?

மூணாம் வருசம் என்னைக் கூண்டுல ஏத்தினாங்க. முந்தின நாள் வக்கீலு கூப்பிட்டு உக்கார வச்சாரு. லாரி டிரைவர், இவரு போன் பேசிக்கிட்டே ஓட்டினாருன்னு சொல்லியிருக்கான். இன்சூரன்ஸ்காரங்க போன் கம்பெனியிலருந்து லிஸ்ட்டு எடுத்து வச்சிருக்காங்க, அந்த நேரத்துக்கு உங்க போன்ல கால் ஓடியிருக்கு, நாளைக்குக் கேப்பாங்க. ஓட்டினவரே போன் பேசினாருன்னு வந்துச்சுன்னா தப்பு பூரா உங்க தலையிலதான் விடியும், லாரிக்காரன் தப்பிச்சுப் போயிருவான், யோசிச்சுப் பதில் சொல்லுங்கன்னாரு. பொய் சொல்லுன்னு அவரு சொல்லல. யோசிச்சுச் சொல்லுன்னுதான் சொன்னாரு. நானும் யோசிச்சேன்.

அந்த இன்சூரன்ஸ் வக்கீலு சத்தமே போடாத மனுசன். வீட்ல காபி குடிச்சுக்கிட்டே பேசுற மாதிரி கேட்டாரு.

“ஐயா, சம்பவத்தப்ப உங்க போன்ல உங்க மக கால் பண்ணியிருக்காங்க. மூணு நிமிசம் ஓடியிருக்கு. சரிதானா?”

“சரிதாங்க.”

“வண்டி ஓட்டிக்கிட்டே நீங்க பேசினீங்க.”

“இல்லீங்க.”

“பின்ன யார் பேசினது?”

எதுத்தாப்புல பெஞ்சுல ஜெசிந்தா உக்காந்திருக்கா. மடியில புள்ள தூங்குது. என்னையே பாத்துக்கிட்டிருக்கா.

“என் சம்சாரம்தாங்க பேசிக்கிட்டிருந்தா. பின்னால உக்காந்து மககிட்டப் பேசிக்கிட்டு வந்தா.”

“அப்ப அவங்க கையில போன் இருந்துச்சு?”

“ஆமாங்க, அவ கையிலதான் இருந்துச்சு.”

அவரு ஜட்ஜைப் பாத்து லேசாத் தலையை ஆட்டிட்டு உக்காந்துட்டாரு. அவ்வளவுதான். நான் இறங்கிட்டேன். நீங்களே சொல்லுங்க, போன் யாரு கையில இருந்துச்சு? அவ கையிலதானே இருந்துச்சு? என் ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இல்ல இருந்துச்சு? சத்தியம் பண்ணி அதைத்தான் சொன்னேன். பேசினதுங்கிறது... அது ஒரு வார்த்தை முன்ன பின்ன. எனக்காகவா சொன்னேன்? ஜெசிந்தாவுக்கும் சேத்துத்தானே கேஸு?

அன்னைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தா. ஒண்ணும் கேக்கல. திண்டுக்கல் பஸ்ல ஏறும்போது மட்டும் புள்ளையை மாத்தித் தோள்ல போட்டுக்கிட்டு, “போய்ட்டு வர்றேன்”ன்னா. அப்பான்னு சேத்துச் சொல்லல. நான் அதை அப்ப கவனிக்கல. இப்ப நெனைச்சுப் பாக்கும்போதுதான் தோணுது.

அப்புறம் தீர்ப்பு வந்துச்சு. லாரிக்காரன் மேலதான் தப்புன்னு வந்திருச்சு. ஆனா ஒரு இடத்துல, இறந்துபோனவங்க கைப்பிடியைப் பிடிக்காம, கைப்பேசியில பேசிக்கிட்டு அஜாக்கிரதையா உக்காந்து வந்ததால அவங்க மேலயும் அஞ்சுல ஒரு பங்கு பொறுப்பு இருக்குன்னு எழுதி, அந்த அளவுக்குக் குறைச்சுட்டாங்க. வக்கீலு, பரவாயில்ல, இதோட போச்சேன்னு சந்தோசப்பட்டாரு. நானும் சரின்னுட்டேன்.

தீர்ப்பு நகலை வாங்கிக்கிட்டு ஜெசிந்தா வீட்டுக்கு வந்தா. மாப்பிள்ளை வரல, புள்ளையையும் கூட்டிட்டு வரல. தனியா வந்தா. வந்தவ அம்மா படத்துக்குக்கூட போகல, நேரா என் எதுக்க உக்காந்து அந்தப் பக்கத்தைப் பிரிச்சு வாசிச்சா. பள்ளிக்கூடத்துல வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசிச்சா. வாசிச்சுட்டுச் சொல்றா:

“எங்க அம்மா எங்கூட பேசிக்கிட்டு வந்தாங்களாம். நான் அன்னைக்கு அம்மாகூடப் பேசத்தான் போன் பண்ணேன். ஒரு வார்த்தை பேசல. நீங்க பேச விடல.”

அந்தப் பக்கத்துல விரலை வச்சுக்கிட்டே மறுபடி சொல்றா:

“பணம் எனக்கு வேணாம். வக்கீல்கிட்டப் போயி, போன் என் காதுலதான் இருந்துச்சு, நான்தான் பேசினேன், என் பொண்டாட்டி மேல தப்பு இல்லன்னு எழுதிக் குடுத்துருங்க. என்ன ஆனாலும் நான் கூட நிக்கிறேன். ஜெயிலுக்குப் போனாலும் சோறு கொண்டாறேன்.”

ஜெயிலுக்காம்! பெத்த அப்பனைப் பாத்துச் சொல்றா. எனக்குக் கோபம் வந்திருச்சு. செத்துப் போனவளுக்கு இதனால என்னடி குறைஞ்சு போச்சு, அவளைப் புடிச்சா ஜெயில்ல போடப் போறாங்க, உயிரோட இருக்கிறவனை ஏன் இழுத்து விடுறன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? அவ அந்தத் தாளையெல்லாம் அடுக்கி, மடிச்சு, பையில வச்சுக்கிட்டா. அடுப்படிக்குள்ள போனா. எட்டிப் பாக்குறேன், அவங்க அம்மா மாவு பிசையிற இடத்துல தரையில உக்காந்திருக்கா. அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டா. அன்னைக்கோட சரி. நான் போன் அடிச்சா மாப்பிள்ளை எடுத்து, வேலையா இருக்கா மாமாங்கிறாரு.

ரெண்டு வருசம். நானே பொங்கி நானே திங்கிறேன். மைக் செட்டைப் பாதி வித்துட்டேன். வண்டியைத் தொடுறதில்ல, எங்க போனாலும் பஸ்ஸுதான். கோயிலுக்குப் போறேன், பூசை பாக்குறேன். நன்மை அப்பம் மட்டும் வாங்குறதில்ல. சாமியாரு கேக்குறாரு, என்ன மிக்கேல்ராசு, செஞ்ச பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணி எத்தனை நாளாச்சுன்னு. முட்டி வலி சாமி, மண்டி போட முடியலைன்னேன். நிசமாவே வலிதான். வயசாகுதுல்ல?

என் பங்கை நான் அப்பவே எடுத்துட்டேன். அவ பங்கு அப்படியே கோர்ட்டுல கிடக்கு. போன மாசம் வக்கீலு போன் பண்ணி, உங்க மக ஏதோ மனுப் போட்டிருக்காங்க, நீங்களும் வாங்கன்னாரு. மனசு மாறிட்டா போலருக்குண்ணே, புள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கா, செலவு இருக்குமே. வாங்கிக்கிறட்டும். வாங்கிக்கிட்டான்னா அந்தப் பேச்சே முடிஞ்சு போகும். கையோட கூட்டிட்டுப் போய் ஓட்டல்ல சாப்பிட வச்சு பஸ் ஏத்தி விடலாம்னு...

ஒம்போதா? எங்க பேருதான் கூப்பிடுறாங்க. இந்தப் பையை மட்டும் பாத்துக்கங்கண்ணே, வந்துர்றேன்.

*

பையைக் குடுங்கண்ணே. இருக்கட்டும், இருக்கட்டும், உக்காந்துக்கிறேன். உங்க கேஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, பத்துதான் ஓடுது.

அவ மனசு மாறல. எனக்கு இந்தப் பணம் வேணாம், அப்பாவுக்கே குடுத்துருங்கன்னு மனு. ஜட்ஜம்மா சின்ன வயசுதான், புதுசா வந்திருக்காங்க. ஏம்மா, உங்க அம்மாவுக்காக வந்த பணம், உங்களுக்கும் குழந்தை இருக்கு, ஏன் வேணாங்கிறீங்கன்னு நல்ல விதமாக் கேட்டாங்க. இவ கையைக் கட்டிக்கிட்டு நின்னு சொல்றா:

“அதுல எங்க அம்மா மேல தப்புன்னு எழுதியிருக்குங்கம்மா. அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டு நான் வாங்க மாட்டேன்.”

“தப்பு இல்லைன்னா அப்பீல் போயிருக்கலாமே. அம்மா மேல தப்பு இல்லைன்னா, வேற யார் மேலம்மா தப்பு?”

ஒரு பதில் வரணுமே! கோர்ட்டே பாத்துக்கிட்டிருக்கு. இவ குனிஞ்சுக்கிட்டா. ரெண்டு தடவை கேட்டாங்க, வாயைத் திறக்கல. பாத்தீங்களா? இத்தனை ஆட்டம் ஆடினவ, யாருன்னு கேட்டா அவகிட்டயே பதில் இல்ல. சொல்லியிருக்கலாமே? நான் மூணடி தள்ளித்தானே நிக்கிறேன், கையைக் காட்டியிருக்கலாமே?

அப்புறம் ஜட்ஜம்மா என் பக்கம் திரும்பி, ஐயா, நீங்க ஏதாவது சொல்லணுமான்னாங்க.

சொல்லணுமான்னுதான் கேக்குறாங்க.

ஒண்ணும் இல்லீங்கம்மான்னேன்.

எழுதிட்டாங்க. அவ பங்கும் எனக்கே வருதாம். நான் கேட்டேனா?

வெளிய வந்தேன். வராந்தாவுல அந்தத் தூணுகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. போயிருப்பான்னு நெனைச்சேன், போகல. எனக்காகத்தான் நிக்கிறா. திட்டப் போறா, வாங்கிக்குவோம்னு கிட்டப் போனேன். பக்கத்துல பாத்தா மெலிஞ்சு போயிருக்காண்ணே, காதோரம் ரெண்டு நரைமுடி. அவளுக்கு முப்பத்திரெண்டு வயசுதான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்”ன்னா.

கேளும்மான்னேன்.

“அன்னைக்கு போன்ல, நீங்க என்னையத் திட்டிக்கிட்டு இருந்தீங்கள்ல, அப்ப அம்மா பின்னாடி ஏதோ சொல்லிக்கிட்டே வந்தாங்க. காத்து இரைச்சல்ல எனக்குக் கேக்கல. குரல் மட்டும்தான் கேட்டுச்சு. ஆறு வருசமா நெனைச்சு நெனைச்சுப் பாக்குறேன், புடிபட மாட்டேங்குது. என்ன சொன்னாங்க?”

கண்ணை நேராப் பாத்துக் கேக்குறா. கோபமே இல்ல அந்தக் கண்ணுல. புள்ளையில மிட்டாய் கேக்கும்போது எப்படிப் பாப்பாளோ, அப்படிப் பாத்தா.

நான் சொன்னேன்: “பாத்து மெதுவாப் போங்கன்னு சொன்னாம்மா.”

“அவ்வளவுதானாப்பா?”

“அவ்வளவுதாம்மா.”

கேட்டீங்களா, அப்பான்னு கூப்பிட்டா. ரெண்டு வருசத்துக்கு அப்புறம் அப்பான்னு கூப்பிட்டா. முந்தானையை எடுத்து வாயில வச்சுக்கிட்டா. எங்க அம்மா எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னா. அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, வேளா வேளைக்குச் சாப்பிடுங்கன்னு சொல்லிட்டு, அந்தா, கேட்டைத் தாண்டி இப்பத்தான் போறா. அங்க, ஆட்டோவுக்குப் பின்னால. தெரியுதா? எனக்குத் தெரியல. கண்ணு சரியில்ல.

நான் சொன்னது சரிதானேண்ணே? வேற என்னத்தைச் சொல்றது? உள்ளதைச் சொன்னா அந்தப் புள்ள தாங்குமா? அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். எனக்காக இல்ல.

உங்க பேருகூட எனக்குத் தெரியாது. நீங்க எந்த ஊருன்னுகூட நான் கேட்கல. கேட்கவும் வேணாம். சாமியார்கிட்டகூட சொல்லாததை உங்ககிட்டச் சொல்றேன்.

ஏங்க, ஓரமா நிறுத்துங்கன்னா. ஒரே ஒரு நிமிசம் நிறுத்துங்க, புள்ள அழுகுறா, நான் பேசிக்கிறேன்னா. கூட வாழ்ந்த அத்தனை வருசத்துல எங்கிட்ட அவ எதையும் மூணு தடவை கேட்டதில்ல. அன்னைக்கு மூணு தடவை கேட்டா. மூணாவது தடவை கேக்கும்போது அவளும் அழுதுட்டா. போன் ஆடுது, ஜெசிந்தா பேசுறது எனக்குச் சரியாக் கேக்கல.

நான், வாயை மூடிக்கிட்டு போனை ஆடாமப் புடின்னேன்.

புடிச்சாண்ணே. அதுவரைக்கும் ஒரு கையால சீட்டுக் கம்பியைப் புடிச்சிருந்தா. அந்தக் கையையும் எடுத்து, ரெண்டு கையாலயும் ஆடாமப் புடிச்சா.